குடியாதார் ஈரலுக்கும் வரும் கேடு

"ஈரற்குலை நடுங்கிற்று" என்பது நம்மவர் வழக்கு. அச்சத்தின் எல்லையைச் சொல்ல வந்த தமிழ் மக்கள் தலையையும் கையையும் விட்டு ஈரலைச் சுட்டினர். உயிர் தங்கும் உறுப்புக்களுள் அது தலையாயது என்பதைப் பட்டறிவினால் உணர்ந்தனர் போலும். உண்ட உணவின் சத்தைச் சேமித்தும், குருதியிற் கலந்த நஞ்சை முறித்தும், பித்தநீரைச் சுரந்தும் அல்லும் பகலும் உழைப்பது ஈரல். உழைப்பாளிகளிற் பலரைப் போலவே அதுவும் வாய் திறந்து முறையிடுவதில்லை. பெரும்பகுதி கெட்ட பின்னரே அதன் துன்பம் வெளியே தெரிகின்றது. ஆகையால், ஈரலிற் புற்றுநோய் தோன்றியுள்ளதென்று வைத்தியர் சொல்லும் வேளையில் பலருக்குக் காலம் கடந்துவிடுகின்றது.

யூபிலி மலரென்றால் கல்லூரியின் பழம்பெருமையையும், ஆசிரியப் பெருமக்களின் தொண்டையும், விளையாட்டு வெற்றிகளையும் நினைவுகூர்வது மரபு. அவற்றை எழுதத் தக்கோர் பலர் உளர். யாம் இறக்காமம் பிரதேசத்து வரிப்பத்தான்சேனையிலே தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர், வைத்தியர் அல்லேம். எனினும், ஒரு சொல்லுக்குப் பிழையான பொருள் வழங்கி, அப்பிழை மக்களின் உயிருக்கு ஊறு செய்யுமாயின், சொற்பொருள் உரைத்தலையே தொழிலாகக் கொண்டவர் வாளாவிருத்தல் தகாது. "ஈரல் நோய்" என்பதற்கு நம் ஊர்களில் வழங்கும் பொருள் "குடிகாரன் நோய்" என்பதாகும். அப்பொருள் முழுவதும் சரியன்று. அதனைத் திருத்துதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மது ஈரலைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. சாராயத்தாலும் கசிப்பாலும் ஈரல் கெட்டு மாண்டோரை நம் நாட்டில் எங்கும் காணலாம். அதனை யாம் மறுக்கவில்லை. குடிப்பவர் ஈரலுக்குக் கேடு உண்டு என்னும் உண்மையைத் திருப்பிவைத்து, குடியாதார் ஈரலுக்குக் கேடு இல்லை என்று கொள்வதே பிழை. இப்பிழையால் இருவகைத் தீங்கு விளைகின்றது. குடியாதவர் தமக்குப் பரிசோதனை வேண்டியதில்லை என்று இருந்துவிடுகின்றனர். நோய் கண்டவரோ நாணத்தால் அதனை மறைக்கின்றனர். மதுவின் மணத்தையும் அறியாத முதியவர் ஒருவருக்கு ஈரல் இறுகிவிட்டதென்று வைத்தியர் கூறினால், வீட்டார் அயலவருக்கு "வயிற்றுக் கோளாறு" என்று சொல்லி அடக்கிவிடுவதை யாம் கண்டிருக்கின்றோம். ஊரார் அவருடைய இளமைக் காலத்தைப் பற்றிக் காதோடு காதாகப் பேசுவதையும் கேட்டிருக்கின்றோம். நோயின் வேதனை ஒருபுறமிருக்க, செய்யாத குற்றத்துக்கான பழியையும் அவர் சுமக்கவேண்டியிருக்கின்றது.

இந்நோய் உலகத்து மக்களை எவ்வாறு பற்றியுள்ளது என்று நோக்கினால் உண்மை தெளிவாகும். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 866,000 பேருக்கு ஈரற் புற்றுநோய் புதிதாகக் காணப்பட்டது. ஏறத்தாழ 758,000 பேர் அதனால் இறந்தனர். இவ்விரு தொகைகளும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதே நோயின் கொடுமைக்குச் சான்று. நோயாளருட் பத்தில் நால்வருக்கு மேற்பட்டோர் சீனத்தவர். மொங்கோலியாவில் ஆண்டொன்றுக்கு நூறாயிரம் மக்களுள் 85க்கு மேற்பட்டோரை இது பற்றுகின்றது. இந்தியாவிலோ அத்தொகை ஏறத்தாழ 3. எங்கும் பெண்களைவிட ஆண்களையே இது இரண்டு மூன்று மடங்காகத் தாக்குகின்றது. மது ஒன்றே காரணமாயின், மதுவை நாளாந்த உணவோடு அருந்தும் ஐரோப்பிய நாடுகளன்றோ முன்னிற்றல் வேண்டும்? முன்னிற்பனவோ கிழக்காசியாவும் தென்கிழக்காசியாவும் ஆபிரிக்காவின் பல பகுதிகளுமாகும். எனவே, வேறு காரணங்கள் உளவென்பது வெளிப்படை.

அக்காரணங்களுள் முதலாவதைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. பாரூக் புளும்பேர்க்கு என்னும் அமெரிக்க ஆய்வாளர் வெவ்வேறு நாட்டு மக்களின் குருதியில் பரம்பரையாக அமைந்த வேறுபாடுகளை ஆராய்ந்துவந்தார். அவுத்திரேலிய ஆதிக்குடியினர் ஒருவரின் குருதியிற் புதியதொரு பொருளைக் கண்டு, அதனை 1965இல் வெளியிட்டார். அது குலவழி வரும் இயல்பாகலாம் என்றே முதலில் எண்ணப்பட்டது. தொடர்ந்து ஆராய்ந்தபோது, அது பி வகை ஈரல் அழற்சியை விளைக்கும் வைரசின் மேலுறையென்பது புலனாயிற்று. குலத்தின் அடையாளமென்று எண்ணத்தொடங்கியது தொற்றுநோயின் அடையாளமாய் முடிந்தது. அப்பணிக்காக அவருக்கு 1976இல் நோபெல் பரிசு கிடைத்தது. பின்னர் பால்மர் பீஸ்லி என்பாரும் அவருடைய துணைவரும் தாய்வானில் 22,707 ஆண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981இல் முடிவை வெளியிட்டனர். அவ்வைரசைத் தாங்கியோருக்கு ஈரற் புற்றுநோய் வரும் ஏது மற்றையோரைவிட இருநூறு மடங்குக்கும் மேல் என்பது அவர்கள் கண்ட முடிபு.

இவ்வைரசு தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கும், தூய்மையற்ற ஊசியாலும் குருதியாலும் உடலுறவாலும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கும் செல்வது. உடன் உண்பதாலோ, ஒரே பாயில் இருப்பதாலோ பரவுவதன்று. தொற்றும் வயதே இங்கு முதன்மையானது. வளர்ந்தோரைத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர்க்கு மேல் அதனை வென்றுவிடுவர். பிறந்த சிசுவைத் தொற்றினாலோ பத்தில் ஒன்பது குழந்தைகளில் அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். முப்பது நாற்பது ஆண்டுகள் ஓசையின்றி இருந்து பின்னர் புற்றாய் வெளிப்படும். கிழக்காசியாவில் தாய்வழித் தொற்று மிகுந்திருந்தமையே அங்கு இந்நோய் மிகுந்தமைக்குப் பெருங்காரணம். இதனை அறிந்த தாய்வான் அரசு, நோய் தாங்கிய தாயரின் குழந்தைகளுக்கு 1984இல் தடுப்பூசி போடத் தொடங்கிப் பின்னர் எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஈரற் புற்றுநோய் நூறாயிரத்துக்கு 0.70 என்னும் அளவிலிருந்து 0.36 ஆகக் குறைந்ததை 1997இல் வெளியான ஆய்வு காட்டிற்று. புற்றுநோயொன்றைத் தடுப்பூசியால் தடுக்கலாம் என்பதை உலகம் முதன்முதலாகக் கண்டது ஆண்டே.

இரண்டாவது காரணம் பூஞ்சணம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் அறியாவகை மாண்டன. அவற்றுக்கு இட்ட கச்சான் பிண்ணாக்கிற் படர்ந்த பூஞ்சணத்தில் ஒரு நஞ்சு இருந்தது. அதற்கு அஃபிளாரொக்சின் என்று பெயரிட்டனர். ஈரமாய்க் கட்டிவைத்த கச்சானிலும் சோளனிலும் கொப்பராவிலும் தோன்றும் இந்நஞ்சு, சமைத்தாலும் எளிதில் அழிவதில்லை. 1974இல் இந்தியாவின் இராசத்தானிலும் குசராத்திலும் காலந்தவறிப் பெய்த மழையில் நனைந்த சோளனை உண்ட ஏழை மக்களுள் 397 பேர் ஈரல் நோய்ப்பட்டனர். 106 பேர் இறந்தனர். அஃது ஒருங்கே மிகுதியாய் உண்டதன் விளைவு. சிறிது சிறிதாய்ப் பல்லாண்டு உண்பார்க்கோ அது புற்றுநோய்க்கு வித்திடும். பி வைரசும் உடனிருந்தால் தீங்கு பன்மடங்காகப் பெருகும். சீனத்துக் கீடொங் மாவட்டத்தார் சோளனை விட்டு அரிசி உணவுக்கு மாறிய பின்னர் அங்கு இந்நஞ்சும் குறைந்தது. ஈரற் புற்றுநோயும் குறைந்துவந்தது. நம் நாட்டிலும் 2021இல் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு காணப்பட்டு, அவ்வெண்ணெய் திருப்பியனுப்பப்பட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும்.

மூன்றாவது சி வகை வைரசு. 1989இல் இனங்காணப்பட்ட இது பெரும்பாலும் குருதி வழியாகவே செல்வது. எகிப்து நாட்டில் நைல் நதிக்கரை உழவரைப் பீடித்த ஒட்டுண்ணி நோயை ஒழிக்க, 1950களிலிருந்து ஊர் ஊராய் ஊசி போட்டனர். செவ்வையாகத் தூய்மை செய்யாத ஊசிகள் ஒரு நோயை நீக்கப்போய் மற்றொரு நோயைப் பரப்பின. உலகிலேயே சி வகைத் தொற்று மிகுந்த நாடாக எகிப்து ஆயிற்று. அவ்வெகிப்தே 2018இல் தொடங்கிப் பல கோடி மக்களைப் பரிசோதித்து, நோய் கண்டாருக்கு மருந்தளித்து, 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டைப் பெற்றது. இன்று சி வகை நோய் இரண்டு மூன்று மாதங்கள் மாத்திரை உண்பதால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு நீங்குகின்றது. இன்னும், தாய்லாந்தின் வடகிழக்கில் ஆற்றுமீனைப் பச்சையாய் உண்ணும் வழக்கத்தால் உடலுட்புகும் ஈரற்புழு, பித்தக் குழாயிற் புற்றுநோயை விளைக்கின்றது. அதே மீனை நன்கு வேகவைத்து உண்பார்க்கு அப்புழுவால் அச்சமில்லை.

"இவையெல்லாம் இருக்கட்டும், சீனருக்கு மிகுதி, இந்தியருக்குக் குறைவு என்றால், அது குலத்தின் இயல்பன்றோ?" என்று வினவுவார் உளர். சிங்கப்பூரைப் பார்த்தால் அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஒரே நகரில் ஒரே ஆட்சியின்கீழ் வாழும் சீனரிடை இந்நோய் மிகுந்தும், தமிழரைப் பெரும்பான்மையாகக் கொண்ட இந்தியரிடைக் குறைந்தும் இருப்பதை, 1968 முதல் அங்கு பேணப்படும் புற்றுநோய்ப் பதிவேடு காட்டுகின்றது. ஆனால், சீனத் தாயரிடமிருந்து பிள்ளைகளுக்குச் சென்ற வைரசே அவ்வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம். அமெரிக்காவிற் குடியேறிய ஆசியரை நோக்கினால், ஆசியாவிற் பிறந்து அங்கு சென்றோரைவிட, அமெரிக்காவிலேயே பிறந்த ஆசியருக்கு இந்நோய் குறைவு. ஒரு தலைமுறைக்குள் குலம் மாறிவிடவில்லை. பிறந்த இடமும் சூழலும் மாறின. பரம்பரை இயல்புக்கு ஒரு பங்கும் இல்லை என்று யாம் சொல்லவில்லை. ஒரே உணவை உண்ட இருவருள் ஒருவர் ஈரலில் மட்டும் கொழுப்பு மிகுதியாகப் படிதலுக்கு அதுவும் ஒரு காரணம். எனினும் நாடுகளுக்கிடையே காணும் முப்பது மடங்கு வேறுபாட்டை அதனைக்கொண்டு விளக்க இயலாது.

இனி நம் இலங்கையை நோக்குவோம். பி, சி வைரசுக்கள் இரண்டும் இங்கு அருகியே உள்ளன. 2003 முதல் கட்டங்கட்டமாகக் குழந்தைகளுக்கு பி வகைத் தடுப்பூசி போடப்பட்டது; 2008 முதல் அது ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசியிற் சேர்ந்தது. நம் சுகாதாரத் துறையினரும் வீடு தேடிவரும் மருத்துவ மாதரும் செய்த இத்தொண்டு போற்றற்குரியது. அங்ஙனமாயின் நமக்குக் கவலை இல்லையோ எனின், உண்டு. இந்நாட்டில் ஈரற் புற்றுநோயோடு வந்தாரை ஆராய்ந்த வைத்தியர்கள், அவருட் பெரும்பாலோரிடம் பி, சி வைரசுக்கள் இல்லையென்று கண்டனர். மதுப்பழக்கம் இல்லாதாரும் அவருட் பலர். பின் எங்கிருந்து வந்தது நோய்? களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ மூவாயிரம் பேரைப் பரிசோதித்து 2009இல் ஒரு முடிவை வெளியிட்டனர். மதுவைக் காரணமாகக் கொள்ளாத கொழுப்பு ஈரல் மூவரில் ஒருவரிடம் இருந்தது. விடை அங்கே இருக்கின்றது.

வேண்டியதற்கு மேல் உண்ட மாவும் சீனியும் எண்ணெயும் உழைப்பாற் செலவழியாதபோது கொழுப்பாகி ஈரலிற் படிகின்றன. படிந்த கொழுப்புச் சிலரில் அழற்சியை உண்டாக்கும். அழற்சி ஆறிய இடத்தில் தழும்பு விழும். தழும்பின்மேற் தழும்பு விழுந்து ஈரல் கல்லாய் இறுகும். அதனையே வைத்தியர் சிரோசிஸ் என்பர். இறுகிய ஈரலிற் புற்று முளைத்தல் எளிது. நீரிழிவு உள்ளாருக்கு இவ்வழி இன்னும் விரைவானது. தெற்காசிய மக்களுக்கு உடல் பெருக்காமலே வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும் இயல்பு உண்டாகையால், "யாம் மெலிந்தவர், எமக்கென்ன?" என்று இருத்தலும் ஆகாது. கொழுப்புப் படிந்த எல்லாருக்கும் புற்று வருவதில்லை. மிகச் சிலருக்கே வரும். ஆயினும் மூவரில் ஒருவர் அவ்வழியின் வாயிலில் நிற்பாராயின், அச்சிலரும் பலராவர்.

வரிப்பத்தான்சேனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வயலே வாழ்வு. வேளாண்மை வெட்டிச் சூடடித்த தலைமுறை உண்ட சோறு உழைப்பிற் கரைந்தது. இன்று அறுவடை இயந்திரம் ஒருநாட் பொழுதிற் பல வயல்களை முடித்துவிடுகின்றது. அதனால் விளைந்த நன்மையை யாம் குறைகூறவில்லை. முதுகொடிந்த உழைப்பு யாருக்கும் வேண்டியதன்று. ஆனால் உழைப்புக் குறைந்த அளவுக்குச் சோற்றுக்கோப்பை சிறுக்கவில்லை. வயல்வரம்பில் நடந்த கால்கள் மோட்டார்ச் சைக்கிளில் ஏறிவிட்டன. நாளொன்றுக்கு நாலைந்து முறை சீனி மிகுந்த தேநீர், மாலையிற் பொரித்த பண்டம், இரவிற் கொத்துரொட்டி, விருந்தென்றாற் புரியாணியும் சோடாவும். கல்முனைக் கடைத்தெருவிலும் மட்டக்களப்புக் கடைத்தெருவிலும் இக்காட்சியில் வேற்றுமை இல்லை.

இஸ்லாம் மதுவை விலக்கிற்று. சைவமும் கள்ளுண்ணலைக் கடிந்தது. புலால் மறுத்தலையும் உயர்ந்த ஒழுக்கமாக வைத்தது. இரண்டும் ஈரலுக்கு அரணாய் அமைந்த நெறிகளே. எனினும், மது தொடாத முஸ்லிம் அன்பர் "எமக்கு அந்நோய் வராது" என்று சொல்வதும், புலால் தொடாத சைவ அன்பர் "எம் உணவு தூய உணவு" என்று சொல்லிக்கொண்டு நெய்ச்சோறும் இனிப்பும் மிகுதியாய் உண்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். மதுவை விலக்கச் சொன்ன அதே நெறிகள் மிகையுண்டியையும் விலக்கச் சொன்னமையை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

தெற்காசியாவில் அருகிய நோயைப் பற்றி இத்துணை அச்சம் ஊட்டுதல் வேண்டுமோ என்று கேட்கலாம். அச்சம் ஊட்டுதல் எம் கருத்தன்று. உலகப் படம் நமக்குக் கற்பிக்கும் பாடம், ஓரிடத்து நிலை என்றும் ஒரே தன்மையாய் நிற்பதில்லை என்பதே. ஊசியால் எகிப்தில் ஏறியது; தடுப்பூசியாற் தாய்வானில் இறங்கியது; உணவு மாற்றத்தாற் கீடொங்கில் இறங்கியது. நம்மிடம் தாழ்ந்திருப்பதும் நம் உணவு மாற்றத்தால் ஏறக்கூடும். மேலும், கொழுப்பு ஈரலுக்குச் செல்லும் வழியே நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் செல்லும் வழி. அவை நம்மிடை அருகிய நோய்கள் அல்லவே.

வேறொரு செய்தியையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். நம் கரையோர ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் இளைஞர் பலர். பயணத்துக்கு முன் அவர்தம் குருதியில் பி, சி வைரசுக்கள் உளவோ என்று பரிசோதிக்கின்றனர். இருப்பதாகக் கண்டாற் பயணம் தடைப்படும். கடன்பட்டுக் கட்டிய பணமும் போய், தொழிலும் போய்த் திரும்பும் இளைஞன், அப்பத்திரத்தைப் பெட்டியின் அடியிற் புதைத்துவிடுகின்றான். வீட்டுக்கும் சொல்வதில்லை, வைத்தியசாலைக்கும் செல்வதில்லை, திருமணத்துக்குத் தடையாகுமே என்னும் அச்சம் வேறு. உண்மையில், அப்பத்திரம் அவனுக்குக் காலத்தே கிடைத்த எச்சரிக்கை. பி வகை நோயை அடக்கிவைக்க மாத்திரை உண்டு. வேண்டியவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பரிசோதனை செய்துகொண்டாற் புற்று முளையிலேயே தென்படும். மணமகளுக்கு முன்னரே தடுப்பூசி போடலாம். பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த நாளிலேயே போடலாம். இவ்வளவு வழிகள் இருக்க, நாணம் ஒன்றினால் ஓர் இளைஞன் நாற்பது வயதில் மடிவது நம் எல்லார்க்கும் வந்த குறையாகும்.

ஆதலின், இக்கல்லூரியின் பழைய மாணவருட் சிலருக்கு எம் விண்ணப்பம் இது. வைத்தியராய் விளங்கும் அன்பர்களே, நீவிர் ஊருக்கு வரும் விடுமுறை நாட்களில் ஒரு மாலைப்பொழுதைப் பள்ளிவாசல் முன்றிலிலோ கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ இதனைத் தமிழில் எடுத்துரைக்க ஒதுக்குவீராக. நோயாளியிடம் "குடிப்பதுண்டோ?" என்று கேட்பதும் வேண்டியதே; "இல்லை" என்றவரை நம்புவதும், அவரது வீட்டார் முன்னிலையில் "இது குடியால் வந்ததன்று" என்று வாய்விட்டுச் சொல்வதும் அதனினும் வேண்டியன. வணிகத் துறையில் உள்ள அன்பர்களே, பூஞ்சணம் பிடித்த கச்சானையும் கொப்பராவையும் மலிவென்று கொள்ளாதீர். எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் தள்ளாதீர். 2003க்கு முன் பிறந்த நம் தலைமுறையினர் குழந்தைப் பருவத்தில் அத்தடுப்பூசியைப் பெறாதவர். ஒருமுறை குருதியைப் பரிசோதித்து, வேண்டின் இப்பொழுதும் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

ஆசிரியராகிய நமக்கும் பங்கு உண்டு. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் விற்கப்படுவது யாது என்று பார்ப்பது அதிபரின் வேலை மட்டுமன்று. விளையாட்டு நேரத்தைக் கணித பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தையும் நாம் விடுதல் வேண்டும். மாணவ நண்பர்களே, நும் வீட்டிலே ஒருவருக்கு ஈரல் நோய் என்று கேள்விப்பட்டால் அவர்தம் ஒழுக்கத்தை ஐயுறாதீர், அருகிருந்து உதவுங்கள். ஈரலிற் கொழுப்பு உண்டென்று வைத்தியர் சொன்ன தந்தையாரை மாலையில் நடக்க அழைத்துச் செல்லுங்கள். உடல் நிறையிற் பத்தில் ஒரு பங்கு குறைந்தாற் கொழுப்பு வடிந்து, அழற்சியும் பெரிதும் தணியும். இறுகிப்போகுமுன் தன்னைத் தானே செப்பஞ்செய்துகொள்ளும் ஆற்றல் ஈரலுக்கு உண்டு.

ஈரல் நோயாவது, கருவறையிலும் ஊசிமுனையிலும் களஞ்சியத்திலும் மதுக்குவளையிலும் சோற்றுக்கோப்பையிலும் நின்று வரும் பலவழி நோய். அவற்றுள் ஒரு வழியை மட்டும் அறிந்து மற்றவற்றை அறியாதிருந்தோம். கல்லூரியின் யூபிலி ஆண்டிலே நாம் ஏற்றும் விளக்குக்களோடு, நோயுற்றாரைப் பழிக்கும் இருள் நம் ஊர்களினின்று நீங்குமாயின், கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட்டதென்று மகிழ்வோம்.